சின்னம்மா நின்ற மேல்படி

சின்னம்மாவின் மெழுகுவர்த்தியில் அவளுடைய விரல்கள் பதிந்திருக்கும். கல்லறைத் திருநாள் அன்று கையில் எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் கொளுத்த மாட்டாள். கல்லறைக் கோயிலின் கம்பிக் கதவுக்கு வெளியே, கீழே இறங்கும் படிக்கட்டின் மேல்படியில், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊர்க் கூட்டம் இறங்கி ஏறி முடிப்பதற்குள் உள்ளங்கைச் சூட்டில் மெழுகு இளகி, நாலு விரலும் பதிந்து, நடுவில் வளைந்து, முற்றிய முருங்கைக்காய் மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாடக்குழியில் கொண்டுபோய் வைப்பாள். மண்ணெண்ணெய் தீர்ந்துபோன சாயங்காலங்களில் நாங்கள் அதை எடுக்கக் கை நீட்டினால், "அதத் தொடாதீங்க, அது எரியறதுக்கு இல்ல" என்பாள். எரியாத மெழுகுவர்த்தி எதற்கு என்று கேட்டால், "குத்தம் செஞ்ச கையில வெளக்கு எரியாதுடா தம்பி" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் அதை வேடிக்கைப் பேச்சு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அரியலூரில் என் சைக்கிள் கடைக்கு வந்தவர்களிடம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் பயந்துபோய் டியூபைப் பார்த்தார்கள். வரதராசன்பேட்டைக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் முக்கால்வாசி வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அதிலும் பெரும்பாலோர் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். உயிரோடு இருக்கும்போதே நிலமில்லாதவனுக்குச் செத்த பிறகு எங்கிருந்து நிலம் வரும்? கல்லறைத் தோட்டத்தில் சிமெண்டுக் கல்லறை கட்டிக்கொள்ள வசதியுள்ள நாலைந்து குடும்பங்கள் போக, எங்களுக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு குழிதான். வீட்டில் அடுத்த சாவு விழுந்தால் அதே குழியைத் திறப்பார்கள். முன்னால் படுத்திருந்தவரின் எலும்புகளைப் பொறுக்கி, கழுவி, வெள்ளைத் துணியில் கட்டி, கல்லறைக் கோயிலுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் சேர்ப்பார்கள். அதற்குத்தான் கீழ்வூடு என்று பெயர். ஒருவர் செத்ததும் "போயிட்டாரு" என்போம். அவருடைய குழி திறக்கப்பட்ட பிறகு "கீழ்வூட்டுக்குப் போயிட்டாரு" என்போம். எங்கள் ஊரில் மனிதன் இரண்டு தடவை போவான்.

அப்பா முதன்முதலாக என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பள்ளிக்கூடம் சேரும் வயது. படி இறங்க இறங்க ஈரச் சுண்ணாம்பு வாசம், அதற்குள் மெழுகுப் புகை. தலை தட்டும் என்று அப்பா என் உச்சியில் கை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். கண் பழகியதும் முதலில் தெரிந்தது, விறகு அடுக்கியதைப் போல நாலு சுவரிலும் அடுக்கியிருந்த கால் எலும்புகள். அதற்கு மேலே திட்டில் மண்டையோடுகள், பரணில் பூசணிக்காய் வைத்ததைப் போல வரிசையாக, எல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு. வளைவைச் சுற்றிக் கைவிரல் எலும்புகளைச் சாந்தில் பதித்துக் கொடியும் பூவுமாக வேலை செய்திருந்தார்கள். எங்கள் பாட்டன்மார் காலத்தில் இங்கே இருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார், தம் நாட்டில் இப்படி இருக்கிறது என்று சொல்லிச் செய்வித்தாராம். எதிர்ச்சுவரில் கை எலும்பால் ஒரு பெரிய சிலுவை. நான் அப்பா வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்பாவோ, மாட்டுச் சந்தைக்கு வந்தவர் போலச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பயப்படாத. எல்லாம் நம்ம சனம்தான். பணக்காரன் ஒருத்தன்கூட இங்க கெடையாது. அவனுங்க மேல சிமெண்டுக்குள்ள புழுங்கிக்கிட்டுக் கெடக்கறானுங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஆமா, இங்கயாச்சும் நம்ம கைதான் ஒசந்த எடத்துல இருக்கு" என்று சிலுவையைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். எலும்புகளுக்கு நடுவே அப்படிச் சிரிக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அப்போது என் அம்மா மேலேதான் இருந்தாள், எங்கள் வீட்டுக் குழியில். எனக்கு விவரம் தெரியுமுன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் செத்த அன்று நான் செய்ததாக ஊரே சொல்லும் ஒரு காரியம் உண்டு. எனக்கு அதில் துளியும் நினைவில்லை. நினைவில்லாத காரியம்தான் என்னை வாழ்நாள் முழுக்கத் துரத்திக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு நல்ல மழையாம். ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அம்மாவின் தங்கை தொப்பலாக நனைந்து வந்திருக்கிறாள். பாவாடை தாவணி போட்ட பெண். டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவள். மாற்றுத் துணி இல்லையென்று யாரோ கொடியில் கிடந்த அம்மாவின் ஊதாப் புடவையை எடுத்துக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவள் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த நான் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டேனாம். பிணத்தை எடுக்கும்போதும் விடவில்லை. குழியில் மண் தள்ளும்போதும் விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரலைப் பிரித்தும் பிரியவில்லையாம். ஒரு பெரிய மனிதர் அங்கேயே, மண் காயும் முன்பே சொல்லிவிட்டார்: "புள்ளயே ஆளக் காட்டிருச்சு. இதுக்கு மேல மாதா வேற வந்து சொல்லணுமா?" முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அம்மாயி வீட்டில் பேசி முடித்தார்கள். அம்மா கழுத்திலிருந்து எடுத்து வைத்திருந்த சிலுவைத் தாலியைத் தட்டானிடம்கூடக் கொண்டுபோகாமல், மஞ்சள் கயிறு மட்டும் மாற்றி, கோயிலில் மந்திரித்து, தங்கை கழுத்தில் அப்பா கட்டினார். டிரெயினிங்குக்கு என்ன பதில் வந்தது என்பதை நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு வாய் கிடையாது.

சின்னம்மா அழுமூஞ்சியாக ஒருநாளும் இருந்ததில்லை. வாய் ஓயாத பேச்சுக்காரி. நான் இன்றைக்கு நாலு பேருக்கு முன்னால் நாலு வார்த்தை பேசுகிறேன் என்றால் அது அவள் வாயைப் பார்த்து வந்தது. "அக்கா உள்ளவரைக்கும் மச்சான் ஒறவும்பாங்க. எனக்குப் பாரு, அக்கா போனப்புறம்தான் மச்சான் ஒறவே வந்துச்சு" என்று பழமொழியை அவியலாக்கி வைப்பாள். கட்டிக்கொண்ட பிறகும் கடைசிவரைக்கும் அப்பாவை மச்சான் என்றே கூப்பிட்டாள். எனக்கும் அவள் சின்னம்மாதான். அம்மா என்று கூப்பிட அவளே விடவில்லை. "அந்த ஒண்ணையாவது அவளுக்கு விட்டு வைக்கணும்டா. அவ பொடவை, அவ புருசன், அவ புள்ள, அவ அடுப்பு. எல்லாத்தையும் நான் எடுத்துக்கிட்டா அவ என்னத்தக் கட்டிக்கிட்டுப் படுப்பா?" என்பாள். பிறகு எனக்கொரு தங்கை பிறந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டும்போதுகூட முதல் வாய் எனக்குத்தான். பேச்சு வந்ததும் ஓரவஞ்சனை என்று தங்கை கத்துவாள். வஞ்சனைதான், ஆனால் அது எந்தப் பக்கத்து வஞ்சனை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்த உடம்பு. ஒரே மாதத்தில் குச்சியாகிவிட்டது. குழியைத் திறந்தாக வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு கணக்குண்டு. ஏழு மழை பெய்தால்தான் மண் ஆளை விடும் என்பார்கள். ஆண்டைப் பார்க்க மாட்டார்கள், மழையைத்தான் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்குத் தாண்டிவிட்டது என்று உபதேசியார் சொன்னார். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களையும் கல்லறைக் காரியங்களையும் பார்த்துவந்தவர் அவர். இன்னொரு முறையும் உண்டு: எடுத்த எலும்பை, போனவரின் பிறந்த வீட்டுப் பெண்தான் இளநீரால் கழுவ வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பெண் யார்? கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அவள்தான் இப்போது வாசலில் புருசன் பிணத்துக்குப் பக்கத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காட்சியை நான் பார்த்தேன். அப்போது நான் மீசை அரும்பிய பையன். பெரியவர்களோடு குழிக்கருகே நின்றேன். புருசனைக் கிடத்த இடம் வேண்டும் என்பதற்காக அக்காவை அங்கிருந்து எழுப்பி, அந்த அக்காவின் எலும்பை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துக் கழுவினாள் சின்னம்மா. இளநீரை ஊற்றி, முந்தானையால் துடைத்து, பச்சைக் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி மண்டையோட்டைத் துவட்டினாள். அதுவரை பெருங்குரலில் அழுதுகொண்டிருந்தவள் அப்போது அழவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கிட்டப் போனபோதுதான் கேட்டது: "கொஞ்சம் தள்ளிக்கக்கா. கொஞ்சம் தள்ளிக்க." பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி. துணியைச் சுருட்டிக் கட்டப்போகும் நேரம், கழுத்தில் கை போட்டுத் தாலியைக் கழற்றினாள். எப்படியும் அன்றைக்கு அதைக் கழற்றத்தான் போகிறார்கள். அதற்கென்று ஆட்கள் உண்டு, சடங்கு உண்டு. அவள் காத்திருக்கவில்லை. கழற்றி, அக்காவின் எலும்புகளுக்கு நடுவில் வைத்து முடிச்சுப் போட்டாள். உபதேசியார் பார்த்தார். மூட்டையை வாங்கிக்கொண்டு படியில் இறங்கிவிட்டார்.

ஏழாம் நாள் அத்தை கேட்டாள். அப்பாவின் அக்கா அவள். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டவள், நியாயம் பேசினால் ஊர் நின்று கேட்கும்.

"ஏடி, தாலி எங்க?"

"குடுத்துட்டேன் அண்ணி."

"யாருக்குடி குடுத்த? ஒன் பொறந்த வூட்டுக்கா?"

"ஆமா. எங்கக்காளுக்கு."

அத்தை வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் நின்றாள். புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! செத்த எலும்புக்குத் தங்கமா? ஒரு பொட்டப்புள்ளையப் பெத்து வச்சிருக்கியே, அதுக்கு ஒரு குந்துமணி வேணாமா? நாளைக்கு அவ கழுத்துல என்னத்தடி கட்டுவ, வெறுங்கயித்தையா?"

"இரவல் வாங்குன சாமானை மகளுக்கு எப்படி அண்ணி குடுக்கறது?" என்றாள் சின்னம்மா. நியாயம் எடுபடாதபோது அத்தை எப்போதும் செய்வதைச் செய்தாள். அப்பாவின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். தங்கை அப்போது சின்னப் பெண், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த ஆண்டிலிருந்து சின்னம்மா கீழ்வூட்டுக்குள் இறங்கவில்லை. கல்லறைத் திருநாளில் மேல்படியோடு சரி. கையில் அந்தக் கொளுத்தாத மெழுகுவர்த்தி. என்னைக் கீழே அனுப்புவாள். சும்மா அனுப்ப மாட்டாள், சேதி சொல்லி அனுப்புவாள். "அக்காகிட்ட சொல்லு. நீ அரியலூர்ல சைக்கிள் கடையில சேந்துட்டேன்னு சொல்லு. சின்னது நல்லாப் படிக்குதுன்னு சொல்லு. மச்சான் மேல பத்திரமா இருக்காருன்னு சொல்லு." கடைசிச் சேதி மட்டும் ஒவ்வொரு ஆண்டும் மாறாது. நான் இறங்கிப் போய் எல்லா மண்டையோட்டுக்கும் பொதுவாக நின்று, வாய்க்குள் சொல்லிவிட்டு வருவேன். மேலே வந்ததும் கேட்பாள்: "எங்க இருக்கா? எந்தச் செவுரு?" நான் உண்மையைத்தான் சொன்னேன். "தனியா யாரும் இல்ல சின்னம்மா. காலு காலோட இருக்கு, தலை தலையோட இருக்கு. உபதேசியாருக்கே தெரியாது. எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்கு, நீயே வந்து பாரேன்." அவள் தலையை ஆட்டுவாள். "உங்களுக்குத்தான்டா கலந்து கெடக்கும். அவ எது அவளுதுன்னு அவளுக்குத் தெரியாதா? என்னை அவளுக்குத் தெரியாதா?" ஒரு தடவை கையைப் பிடித்து இழுத்தே பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எறங்கறது? நீ வா வான்னு அவ கூப்புடுவா. அவ நல்லவ. அதான் பயமே" என்றாள்.

ஒரு மத்தியானம் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று தன் கணக்கை அவளே என்னிடம் அவிழ்த்தாள். "நான் செத்தா எங்க வப்பாங்க? மச்சான் குழிலதான? அப்ப மச்சான் எங்க போவாரு? கீழதான? அவ்வளவுதான். நான் செத்தாத்தான் அவளுக்குப் புருசன் திரும்பக் கெடப்பான். பெரிய சாமான், கையில குடுக்க முடியாது. படுத்துத்தான் குடுக்கணும்." சொல்லிவிட்டுக் கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். நான் "என்ன பேச்சு இது" என்று அதட்டினேன். "ஆனா அவசரப்பட்டுச் செத்துறக் கூடாதுடா. ஏழு மழை ஆவணும். மண்ணு விடலைன்னா என்னைய வேற எங்கயாச்சும் ஓரத்துல போட்டுடுவாங்க. மச்சான் மேலயே தங்கிடுவாரு. அக்கா வாசலப் பாத்துக்கிட்டே கெடப்பா" என்றாள். வாசலைப் பார்த்து வைத்திருந்த அந்த மண்டையோட்டு வரிசை எனக்கு ஞாபகம் வந்தது. அவள் கீழே இறங்கிய நாட்களில் அதைப் பார்த்திருக்கிறாள். மறக்கவில்லை.

மழைக்கும் அவளுக்கும் அப்படித்தான் பந்தயம் நடந்தது. சுண்ணாம்புக் காளவாயில் கூலிக்கு நின்று நின்று அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. ராத்திரியானால் நெஞ்சில் துருத்தி ஊதுகிற சத்தம். எங்கள் சீமையோ வானம் பார்த்த சீமை. இரண்டு ஆண்டு ஐப்பசி வெறும் மேகமாகப் போனது. உபதேசியார் அதையெல்லாம் மழையில் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் எல்லோரும் சோளத்துக்காகவும் கடலைக்காகவும் வானத்தைப் பார்த்தார்கள். சின்னம்மா மட்டும் தன் சாவுக்காகப் பார்த்தாள். பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைப் பார்க்க வந்த அரும்பாவூர்க்காரர் ஒருவரிடம், "உங்க பக்கம் மழை உண்டுங்களா?" என்று அவள் கேட்ட கேட்பில், அவர் ஏதோ பெரிய விவசாயக் குடும்பத்து அம்மா என்று நினைத்து, "எத்தன ஏக்கராம்மா உங்களுக்கு?" என்றார். "ஆறடிதாங்க" என்றாள். அவர் சிரித்தார். நான் கிளாஸைக் கழுவப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் அந்த ஏழாவது மழை விடாமல் கொட்டியது. கூரை ஒழுகி வீடெல்லாம் பாத்திரம் வைத்திருந்தோம். கட்டிலில் உட்கார்ந்து அவள் கைகொட்டாத குறையாகச் சொன்னாள்: "ஊத்தட்டும், ஊத்தட்டும். மண்ணு நல்லா நனையட்டும்." கிறிஸ்துமசுக்குக் குடிலைப் பார்த்தாள். பொங்கலுக்கு முன்னால் போய்விட்டாள். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

குழிவெட்டும் ஆள் மண்வெட்டியோடு வந்து, மூத்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்டார்: "தொறக்கட்டுங்களா?" நான் தலையாட்டுவதற்குள் தங்கை குறுக்கே வந்தாள். அப்போதுதான் கல்யாணமாகிக் கீழப்பழுவூருக்குப் போயிருந்தாள். அழுது வீங்கிய முகம்.

"வேணாம்ண்ணே. அப்பாவ எடுக்காதீங்க. எங்கம்மாள அப்பாவுக்குப் பக்கத்துல எங்கயாச்சும் வைங்க."

"சின்னம்மா ஆசப்பட்டது இதுக்குத்தான் பாப்பா. உனக்கும் தெரியும்."

"தெரியும். உசுரோட இருந்தவரைக்கும் பெரியம்மா வச்சிட்டுப் போனதத் தொடச்சித் தொடச்சி வச்சிச்சு. தாலியையும் குடுத்துச்சு. இப்ப எங்கப்பனையும் குடுத்துட்டு, எங்கம்மா மட்டும் அந்தக் குழியில ஒத்தையாக் கெடக்கணுமா? உங்கம்மாவுக்கு எல்லாம் திரும்பிப் போயிரும். எங்கம்மாவுக்கு என்னண்ணே மிச்சம்?"

உங்கம்மா, எங்கம்மா. ஒரே வீட்டில் வளர்ந்த எங்களுக்குள் அந்தப் பிரிவினை அன்றுவரை வாயில் வந்ததில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தாள். உபதேசியார் தரையைப் பார்த்தார். மூன்று வயதில் ஒரு முந்தானையைப் பிடித்து அவளுடைய வாழ்க்கையை முடிவு செய்தவன், இப்போது சாவையும் முடிவு செய்ய வேண்டும் என்று நிற்கிறேன். செத்தவள் கேட்டதைச் செய்வதா, இருக்கிறவள் கேட்பதைச் செய்வதா? கேட்டுவிட்டுப் போனவளால் திரும்பி வந்து மாற்றிச் சொல்ல முடியாதே என்று நினைத்தேன். "தொறங்க" என்றேன்.

அத்தை தன் தம்பியின் எலும்பைக் கழுவினாள். இந்த முறை மூட்டையைக் கீழே கொண்டுபோனது நான். படியில் தலை தட்டும் இடத்தில், என் உச்சியை அமுக்கிய கைதான் இந்த மூட்டைக்குள் இருக்கிறது என்ற நினைப்பு வந்து கால் நின்றது. கீழே உபதேசியார் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா எங்கே? அத்தனை கால், அத்தனை கை, அத்தனை தலை. தாலியைக்கூட எங்கே வைத்தார் என்று அவருக்கு மறந்துவிட்டிருந்தது. "எடம் இருக்கற எடத்துல வைங்க" என்றேன். அவர் மூட்டையைப் பிரித்து, காலைக் காலோடும் தலையைத் தலையோடும் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா ஊரோடு கலந்துவிட்டார். சின்னம்மா ஒரே ஒரு தடவை இறங்கிவந்து பார்த்திருந்தால், இங்கே பெரியவள் சின்னவள் என்று யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் இன்னும் பலமாகக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். பிடிக்கக் கூடாத வயதில் பிடித்தவன், பிடிக்க வேண்டிய வயதில் விட்டுவிட்டேன்.

மேலே வந்தேன். தங்கை கேட்டாள்: "ஆச்சா? சேந்துட்டாங்களா?" குழிப் பக்கம் நடந்தேன். சின்னம்மாவை இறக்கினோம். அகலமான குழி, அதற்குள் அவள் சின்னதாகத் தெரிந்தாள்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. முட்டி வலி, கீழ்வூட்டுப் படி இறங்க முடிவதில்லை. சென்ற ஆண்டு பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார். நல்ல இளைஞர். குவாரியில் வெடி வைத்து வைத்துக் கீழ்வூட்டு வளைவில் விரிசல் விழுந்துவிட்டதாம். நிரந்தரமாக மூடிவிடலாம் என்று யோசனை. கல்லறைக்குப் புதிதாக நிலமும் வாங்கியாகிவிட்டது. "இனிமே யாரையும் தோண்ட வேண்டியதில்லைங்க. ஆளுக்கு ஒரு எடம்" என்றார். ஊரே காத்திருந்த நல்ல சேதி. நான்தான், "கொஞ்சம் பொறுங்க சாமி. எங்க வூட்டுல இன்னும் ஒரு ஆளு எறங்க வேண்டியது பாக்கி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் செத்தால்தான் சின்னம்மாவின் குழி திறக்கும்; திறந்தால்தான் அவள் இறங்க முடியும். நான் உயிரோடு இருக்கிற ஒவ்வோர் ஆண்டும் அவளை மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தங்கையிடம் போனில் சொன்னேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். அவள் சொன்னாள்: "உன்னையப் புது எடத்துல வைக்கச் சொல்லிரு அண்ணே. எங்கம்மாள அசைக்காத. இப்பதான் அது யாரும் பக்கத்துல இல்லாம காலை நீட்டிப் படுத்திருக்கு." ஒத்தையாகக் கிடக்கணுமா என்று அன்றைக்குக் கேட்டவளும் இவள்தான். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. எது சரி என்று சொல்லக்கூடியவளோ வெகுநாளாகப் பேசுவதில்லை.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளில் சின்னம்மாவின் குழிமேல் கோழிக்கொண்டைப் பூ வைத்துவிட்டு, என் மகளைக் கீழே அனுப்பினேன். மேல்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு படி இறங்கித் திரும்பி, "என்னப்பா சொல்லணும்?" என்று கேட்டாள். சொல்ல எத்தனையோ இருந்தது. மூடப்போகிறார்கள் என்று சொல்வதா, சின்னம்மா வருவாள் என்று சொல்வதா, வரமாட்டாள் என்று சொல்வதா?

"சின்னம்மா மேல பத்திரமா இருக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் இறங்கிப் போனாள். கூட்டம் ஏறி இறங்கி ஓய்ந்து, "வாங்கப்பா, போலாம்" என்று அவள் வந்து தோளைத் தொட்டபோதுதான் கையைப் பார்த்தேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்த மறந்திருந்தேன். அது நடுவில் வளைந்து, நாலு விரலும் பதிந்து கிடந்தது.